பிளாஸ்டிக் கார்

1980-களின் நடுவில், நான் காரைக்காலில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஆபீசுக்கு வந்துபோகும் காண்டிராக்டர் ஒருவர் டால்பின் கார் வாங்கினார். பியூன் முதல் எல்லோரும் விரலை மடக்கிக் கதவைத் தட்டிப் பார்த்தோம். தகரச் சத்தம் வரவில்லை, "டொக்" என்றது. அன்றே அதற்குப் பிளாஸ்டிக் கார் என்று பெயர் விழுந்துவிட்டது. "மாடு முட்டினால் என்ன ஆகும்?" என்று கேட்டே அவரை ஒரு வழி பண்ணினோம்.

அது பெங்களூரு சிபானியின் வண்டி, 1982-இல் வந்தது. இங்கிலாந்தின் ரிலையன்ட் கிட்டன்தான் அதற்கு மூலம். அடியில் இரும்புச் சட்டம். மேலே கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த ஃபைபர் உடம்பு. 848 சி.சி. எஞ்சின் அலுமினியம். அம்பாசடர் 1,100 கிலோவுக்கு மேல். கிட்டன் 500 கிலோ சொச்சம்தான். எடை பாதியானால் சின்ன எஞ்சினே தாராளம், பெட்ரோலும் மிச்சம். போதாததற்கு, நம் உப்புக் காற்றில் அம்பாசடர் கதவுகள் துருப்பிடித்து உதிரும். ஃபைபருக்கு அந்த நோயே கிடையாது.

பிறகு ஏன் தோற்றது? 1983 டிசம்பரில் மாருதி வந்தது. இரும்புதானே உறுதி என்று அப்போது நினைத்தோம். விஷயம் வேறு. ஃபைபர் உடம்பை அச்சில் அடுக்கடுக்காகக் கையால் பூசி, இறுகும்வரை காத்திருக்க வேண்டும். இரும்புத் தகட்டைப் பிரஸ் ஒரே அழுத்தில் கதவாக்கிவிடும். மாருதியில் தனிச் சட்டமும் இல்லை. மெல்லிய தகட்டு உடம்பே பாரத்தைத் தாங்கியது. அதனால் இரும்பாக இருந்தும் 600 கிலோ சொச்சத்தில் நின்றது.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் இதே கதைதான். சித்ரோயன் கம்பெனியின் "தெ ஷெவோ" காரை (இரண்டு குதிரை என்று அர்த்தம், எங்கள் வாத்தியார் படம் போட்டுக் காட்டுவார்) 1939-இல் அலுமினியமும் மெக்னீசியக் கலவையும் கொண்டுதான் செய்து பார்த்தார்கள். யுத்தம் முடிந்தபோது அலுமினியம் கட்டுப்படியாகவில்லை. 1948-இல் பாரீஸ் கண்காட்சிக்கு இரும்புத் தகட்டில்தான் வந்தது.

படகு லட்சக்கணக்கில் செய்கிற சரக்கல்ல. அங்கே கைவேலை கட்டுப்படியாகும். 2004 சுனாமிக்குப் பிறகு நம் பட்டினச்சேரிக் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் படகாக ஆனதைப் பார்த்தோமே! அலையில் மோதி மோதி வருகிறது. மாடு முட்டினால் என்ன ஆகும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

இப்போது என் மகன் காரில் பம்பர் பிளாஸ்டிக், எஞ்சின் அலுமினியம். வாங்கிய அன்று வீட்டில் ஒருவரும் தட்டிப் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்து.