பொதுப்பயன் என்னும் சொல்லும் மூன்று சிற்றூர்களும்

சட்ட நூல்களில் பயிலும் சொற்களுள் ‘பொதுப்பயன்’ என்பதைப் போல் வலிமையுடையது வேறொன்று இருத்தல் அரிது. ஒருவர் தம் உழைப்பால் எழுப்பிய வீட்டை, அவர் விரும்பினும் விரும்பாவிடினும், அரசு எடுத்துக்கொள்ள இச்சொல் ஒன்றே போதும். நில ஆர்ஜிதச் சட்டங்கள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாலைக்கும் நிலம் எடுக்கும்போது இச்சொல்லின் பொருள் பற்றிப் பெரும்பாலோர்க்கு ஐயம் எழுவதில்லை. ஆனால் ஏழைகளுக்கு வீடு கட்டுவதற்கென்று எடுத்த நிலத்தை, அதே சொல்லைக் காட்டி, பந்தாட்ட அரங்கு ஒன்றிற்குக் கொடுக்கலாமா? அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 1950க்கும் 1962க்கும் இடையே நகர மன்றத்திலும் வாக்குச் சாவடியிலும் நீதிமன்றத்திலும் இவ்வினா மீண்டும் மீண்டும் எழுந்தது. சொல்லையும் பொருளையும் எடைபோட்டுப் பார்ப்பதையே பத்தாண்டுகளாகத் தொழிலாகக் கொண்ட நம் வட்டத்தார்க்கு, ஒரு சொல் தன் பொருளை மாற்றிக்கொண்ட இவ்வரலாறு சுவை பயக்கும் என்று கருதுகிறேன்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகர மையத்திற்கு வடக்கே, எலிசியன் பூங்காவை ஒட்டிய குன்றுகளுக்கிடையே கிடந்த பள்ளத்தாக்கிற்குச் சாவெஸ் ராவீன் என்று பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு நிலம் வைத்திருந்த ஹூலியான் சாவெஸ் என்பவரின் பெயரால் அமைந்தது அது. அங்கே பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று சிற்றூர்கள் இருந்தன. ஆயிரத்திற்கும் மேற்பட்ட குடும்பங்கள். பெரும்பாலோர் மெக்சிகோ வழியினர். நகரின் பிற பகுதிகளில் இவ்வினத்தார்க்கு வீடு விற்கக்கூடாது என்று பத்திரங்களிலேயே எழுதிவைத்த காலம் அது. இடம் கிடைத்த குன்றில் ஏறி, கிடைத்த மரத்தையும் தகரத்தையும் கொண்டு வீடு கட்டிக்கொண்டார்கள். தெருக்களில் பல மண் தெருக்கள். ஆடும் கோழியும் வளர்த்தார்கள். காய்கறித் தோட்டம் போட்டார்கள். கோவிலும் பள்ளியும் இருந்தன. நகர நிர்வாகத்தின் ஏட்டில் இது சேரி. குடியிருந்தோர்க்கு இது ஊர். டான் நார்மார்க் என்னும் இளம் ஒளிப்படக் கலைஞர் 1949 வாக்கில் தற்செயலாக இக்குன்றின் மேல் ஏறி எடுத்த படங்கள் ஐம்பது ஆண்டுகள் கழித்து 1999இல் நூலாக வெளிவந்தன. ஏழ்மை அப்படங்களில் மறைக்கப்படவில்லை. ஆனால் சேரி என்ற சொல்லுக்கு அவை சான்றாகவும் இல்லை.

1949ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டரசு வீட்டுவசதிச் சட்டம் ஒன்றை இயற்றியது. நலிந்த குடியிருப்புகளை அகற்றி, வறியோர்க்குக் குறைந்த வாடகையில் வீடுகள் கட்ட நகரங்களுக்குப் பணம் தருவது அதன் நோக்கம். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 10,000 வீடுகள் கட்ட ஒப்புக்கொண்டது. அவற்றுள் ஏறத்தாழ 3,300 வீடுகள் சாவெஸ் ராவீனில் எழ வேண்டும் என்று முடிவாயிற்று. வியன்னாவில் பிறந்து உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞர் ரிச்சர்டு நியூட்ராவும் ராபர்ட் அலெக்சாண்டரும் திட்டம் வரைந்தார்கள். பதின்மூன்று மாடிக் கோபுரங்கள் இருபத்து நான்கு; இரண்டு மாடிக் கட்டடங்கள் நூற்றுக்கும் மேல்; பள்ளிகள், விளையாட்டுத் திடல்கள். எலிசியன் பார்க் ஹைட்ஸ் என்று பெயரும் சூட்டப்பட்டது.

1950 ஜூலையில் அச்சிற்றூர் மக்களுக்கு வீட்டுவசதி ஆணையத்தின் கடிதம் வந்தது. உங்கள் நிலத்தை வாங்கப்போகிறோம். புதிய வீடுகள் எழுந்ததும் அவற்றில் குடியேறும் முதல் உரிமை உங்களுக்கே என்பது அதன் சாரம். கடிதத்தை நம்பிப் பலர் விற்றார்கள். நம்பாத பலரும் வேறு வழியின்றி விற்றார்கள். முதலில் விற்றவர்க்குக் கிடைத்த விலை பின்னர் விற்றவர்க்குக் கிடைக்காது என்ற அச்சம் ஊரைக் காலி செய்யப் பெரிதும் உதவியது. இரண்டு மூன்று ஆண்டுகளில் ஊர் ஏறத்தாழ வெறுமையாயிற்று. இந்த இடத்தில் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பந்தாட்டக்காரர்கள் வந்து ஏழைகளை விரட்டினார்கள் என்பது இன்றும் பலர் சொல்லும் கதை. கால வரிசை அதற்கு இடம் தரவில்லை. ஊரைக் காலி செய்தது ஏழைகள் நலத்திற்கென்றே வகுத்த திட்டம். அன்று பந்தாட்டத்தின் பேச்சே அங்கு எழவில்லை.

பின்னர் அத்திட்டமும் வீழ்ந்தது. வீடு கட்டி வாடகைக்கு விடுவது அரசின் வேலையன்று, அது சோசலிசம் என்று நில வணிகர்களும் நகரின் பெரிய நாளேடும் பரப்புரை செய்தனர். பொதுவுடைமை அச்சம் அமெரிக்காவைப் பிடித்தாட்டிய ஆண்டுகள் அவை. 1951 இறுதியில் நகர மன்றம் 8க்கு 7 என்ற வாக்கில் திட்டத்தைக் கைவிட்டது. அவ்வாறு கைவிட மன்றத்திற்கு அதிகாரமில்லை என்று மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. 1952 ஜூன் 3ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் நகர மக்களும் திட்டத்தை மறுத்தார்கள். அவ்வாண்டே நில ஆர்ஜித வழக்கொன்றில் சாட்சி சொல்ல வந்த வீட்டுவசதி ஆணைய அலுவலர் பிராங்க் வில்கின்சனிடம், நீர் எந்தெந்த அமைப்புகளில் உறுப்பினர் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார். நிலத்தைப் பற்றிய வழக்கில் இக்கேள்விக்கு என்ன வேலை? வில்கின்சன் விடைகூற மறுத்தார், வேலை போயிற்று. பின்னாளில் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னும் விடைகூற மறுத்து, 1961இல் சிறைக்கும் சென்றார். 1953இல் பொதுவீட்டுவசதியை எதிர்த்துப் போட்டியிட்ட நாரிஸ் பௌல்சன் மேயரானார், திட்டம் முடிந்தது. காலியான நிலத்தை நகரம் மிகக் குறைந்த விலைக்குப் பெற்றுக்கொண்டது. பொதுப்பயனுக்கே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் எழுதப்பட்டிருந்தது.

இனி நாட்டின் மறு கோடிக்குச் செல்வோம். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணி இருந்தது. 1947இல் ஜாக்கி ராபின்சனைக் களமிறக்கி, பெரும்போட்டிகளில் கறுப்பினத்தார்க்கு இருந்த தடையை உடைத்த அணி அது. அதன் உரிமையாளர் வால்டர் ஓமாலி பழைய எபட்ஸ் பீல்டு அரங்கிற்கு மாற்றாகப் புதிய அரங்கு கட்ட விரும்பினார். தாம் குறித்த இடத்தை நகரம் கையகப்படுத்தித் தர வேண்டும் என்று 1955இல் கேட்டார். எந்தச் சட்டத்தின்படி? வறியோர்க்கு வீடு தருவதற்கென வந்த அதே 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி! நியூயார்க்கின் கட்டுமானப் பணிகள் அனைத்தையும் கைக்குள் வைத்திருந்த ராபர்ட் மோசஸ் மறுத்துவிட்டார். தனியார் ஒருவர் பொருளீட்டும் ஆட்டக்களம் பொதுப்பயன் ஆகாது என்பது அவர் கூறிய காரணம். சாலைகளுக்காகவும் பாலங்களுக்காகவும் எத்தனையோ ஏழைக் குடும்பங்களை இடம்பெயர்த்த அம்மனிதர் வாயிலிருந்து இவ்விளக்கம் வந்தது என்பது வேறு செய்தி.

நியூயார்க்கில் பொதுப்பயன் ஆகாதது லாஸ் ஏஞ்சல்ஸில் ஆயிற்று. 1957இல் ஓமாலி ஹெலிகாப்டரில் பறந்து சாவெஸ் ராவீனைக் கண்டார். நெடுஞ்சாலைகள் சூழ, நகர மையத்தருகே ஆளில்லாக் குன்றுகள்! அவ்வாண்டு அக்டோபர் 7ஆம் நாள் நகர மன்றம் 10க்கு 4 என்ற வாக்கில் ஒப்பந்தத்தை ஏற்றது. ஓமாலி தாம் வாங்கியிருந்த ரிக்லி பீல்டு என்னும் சுமார் 9 ஏக்கர் அரங்கை நகரத்திற்குத் தருவார். நகரம் ஏறத்தாழ 300 ஏக்கரை அவருக்குத் தரும். நிலத்தைச் சமன்செய்ய நகரம் 20 இலட்சம் டாலரும், சாலைகளுக்கு மாவட்டம் 27 இலட்சம் டாலருக்கும் மேலும் செலவிடும். அரங்கைத் தம் பொருளில் ஓமாலியே கட்டுவார்.

எதிர்ப்பாளர்கள் கையெழுத்துத் திரட்டி இதனை வாக்கெடுப்பிற்குக் கொண்டுவந்தார்கள். 1958 ஜூன் 3. வீட்டுத் திட்டத்தை மக்கள் மறுத்த நாளிலிருந்து சரியாக ஆறு ஆண்டுகள்! வாக்கெடுப்பிற்கு இரு நாள் முன்பு தொலைக்காட்சியில் திரைக் கலைஞர்கள் திரண்டு ஆதரவு கேட்டார்கள். பின்னாளில் குடியரசுத் தலைவரான ரொனால்ட் ரேகனும் அவர்களில் ஒருவர். ஒப்பந்தம் ஏறத்தாழ 52 விழுக்காடு வாக்குகளால் வென்றது. கறுப்பினத்தாரும் மெக்சிகோ வழியினரும் மிகுந்திருந்த பகுதிகளிலும் ஆதரவு மிகுந்திருந்தது என்பதை மறைத்தல் கூடாது. ராபின்சனின் அணிக்கு அவர்கள் நெஞ்சில் இருந்த இடம் அத்தகையது. ஏழைகள் வேண்டுவது சோறும் கூரையும் மட்டுமே என்று எண்ணுவோர்க்கு இவ்வாக்குகள் விளங்கமாட்டா.

வழக்கு நீதிமன்றம் சென்றது. பொதுப்பயனுக்கென்ற நிலத்தைத் தனியார்க்குத் தருவது செல்லாது என்று கீழ்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1959 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பைக் கவிழ்த்தது. நகரத்திற்கு ஈடாகப் பயன் கிடைக்கிறது. தனியார்க்கும் ஆதாயம் உண்டென்பதால் மட்டும் ஒப்பந்தம் கெட்டுவிடாது என்ற போக்கில் அத்தீர்ப்பு அமைந்தது. சட்ட நுணுக்கத்தில் அது பிழையென்று வாதிட எனக்குத் தகுதியில்லை. ஆயினும் ஒன்றைக் கூறலாம். 1950ஆம் ஆண்டுக் கடிதத்தில் முதல் உரிமை பெற்றவர்கள் அவ்வழக்கில் எத்தரப்பிலும் இல்லை. வாதமெல்லாம் நகரத்திற்கும் வரிசெலுத்துவோர்க்கும் அணிக்கும் இடையே நடந்தது.

குன்றில் விடாப்பிடியாகத் தங்கியிருந்த சில குடும்பங்களை 1959 மே 8ஆம் நாள், வெள்ளிக்கிழமை, மாவட்டக் காவலர்கள் வெளியேற்றினார்கள். அரெச்சிகா குடும்பத்துப் பெண் ஒருவரைக் காவலர் நால்வர் கையும் காலும் பற்றித் தூக்கிவந்த காட்சி தொலைக்காட்சியிலும் நாளேடுகளிலும் வெளிவந்தது. அவர்கள் வெளியேறியதும் புல்டோசர் வீட்டை இடித்தது. நீதிமன்றம் குறித்த 10,050 டாலரை வாங்க மறுத்த குடும்பம் அங்கேயே கூடாரம் அடித்துக் கிடந்தது. நகர மன்ற உறுப்பினர் எட்வர்டு ராய்பால் இக்கொடுமையை வன்மையாகக் கண்டித்தார். சில நாளில், அக்குடும்பத்தார்க்கு வேறிடங்களில் வீடுகள் உண்டென்று நாளேடுகள் எழுதின. மக்களின் இரக்கம் வற்றிப்போயிற்று. இரக்கத்திற்குத் தகுதிச் சான்று கேட்பது உலக இயல்பு போலும். வாக்குறுதியை நம்பி முன்னரே வெளியேறிய ஆயிரம் குடும்பங்கள் அந்த இரக்கக் கணக்கில் தொடக்கத்திலிருந்தே சேரவில்லை.

1962 ஏப்ரல் 10ஆம் நாள் டாட்ஜர் ஸ்டேடியம் திறக்கப்பட்டது. 2 கோடியே 30 இலட்சம் டாலர், 56,000 இருக்கைகள், 16,000 கார்கள் நிற்க இடம். அழகிய அரங்கு என்பதில் ஐயமில்லை. பார்வையாளர்க்குக் குடிநீர்க் குழாய் வைக்கத்தான் மறந்துவிட்டார்கள்! பாலோ வெர்டே தொடக்கப்பள்ளியை இடிக்காமல், கூரையைக் கழற்றிவிட்டு மண்ணை நிரப்பி மூடினார்கள். அது கார் நிறுத்துமிடத்தின் அடியில் கிடக்கிறது.

அரங்கை ஓமாலி தம் பொருளில் கட்டினார், அதற்கு வரியும் செலுத்தினார், ஆகவே பொதுப்பணம் வீணாகவில்லை என்பார் உண்டு. பிற்காலத்து நகரங்களோடு ஒப்பிட்டால் இதில் உண்மையும் உண்டு. சியாட்டிலில் பொதுப்பணத்தில் எழுந்த கிங்டோம் அரங்கு 2000இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன் கடன் அடைந்தது 2015இல்தான். அத்தகைய சுமை லாஸ் ஏஞ்சல்ஸுக்கு இல்லை. ஆனால் கருவூலத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதை மட்டும் பொதுப்பணம் என்று கொள்வது குறுகிய கணக்கு. ஒரு மாநகரின் நடுவே ஆளில்லாத 300 ஏக்கர் இயற்கையாகக் கிடைப்பதில்லை. ஆர்ஜித அதிகாரத்தாலும், கூட்டரசின் வீட்டுவசதிப் பணத்தாலும், ஏழைகளுக்குக் கொடுத்த வாக்குறுதியாலும் அது உருவாக்கப்பட்டது. ஓமாலிக்கு நகரம் அளித்த பெருங்கொடை அந்த வெறுமையே. அதற்கு எந்த ஏட்டிலும் விலை குறிக்கப்படவில்லை.

புரூக்ளினில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அணி பிரிந்த பின் எபட்ஸ் பீல்டு அரங்கை 1960இல் இடித்தார்கள். அந்த இடத்தில் அரசுதவியுடன் 1,300க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்பு எழுந்தது. அதுவும் 1962இல்தான் திறக்கப்பட்டது. பந்தாடக்கூடாது என்ற அறிவிப்பு அக்குடியிருப்பின் சுவரில் நெடுங்காலம் இருந்தது.

சாவெஸ் ராவீனிலிருந்து வெளியேறியோர் தங்களை ‘லாஸ் தெஸ்தெர்ராதோஸ்’ என்று அழைத்துக்கொண்டார்கள். மண்ணிலிருந்து பெயர்க்கப்பட்டோர் என்பது பொருள். ஆண்டுதோறும் எலிசியன் பூங்காவில், அரங்கிற்கு அருகிலேயே, பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் கூடி உண்டு மகிழ்வதை வழக்கமாகக் கொண்டார்கள். 1950களில் நடந்ததை ஆராய்ந்து ஈடு செய்யும் வழிகளைக் காண ஒரு குழு அமைக்கும் மசோதாவைக் கலிபோர்னியச் சட்டமன்றம் 2024இல் நிறைவேற்றியது. ஆளுநர் அதற்கு ஒப்புதல் தரவில்லை.