19 வால்நட்சத்திரங்களும் யாரும் பார்க்காத மேகமும்

ஊர்ட் மேகத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. சூரியக் குடும்பத்தைச் சுற்றி ஒரு புகை உருண்டை மாதிரி படம் வரைந்திருப்பார்களே, அது முழுக்கக் கணக்கில் பிறந்தது. அதுவும் வெறும் 19 வால்நட்சத்திரங்களை வைத்துப் போட்ட கணக்கு. இவ்வளவு சின்னக் கணக்கை உலகம் எப்படி நம்பியது என்று தேடியபோது எடுத்த குறிப்புகள் இவை.

சிக்கல் பழசு. வால்நட்சத்திரம் சூரியனுக்குப் பக்கத்தில் வரும்போதுதான் நம் கண்ணில் படும். பாதையில் ஒரு துண்டுதான் கிடைக்கும். 1705ல் ஹேலி 24 வால்நட்சத்திரங்களின் பாதையைப் பரவளையம் என்று வைத்துக்கொண்டே கணக்கிட்டார். 19ஆம் நூற்றாண்டில் அளவீடு துல்லியமானதும் புதுத் தலைவலி வந்தது. சில பாதைகள் பரவளையத்தையும் துளி தாண்டி அதிபரவளையமாக இருந்தன. அப்படியென்றால் அவை சூரியனுக்குக் கட்டுப்பட்டவை இல்லை, வேறு எங்கிருந்தோ வந்த விருந்தாளிகள் என்றல்லவா ஆகும்?

கோபன்ஹேகனில் இருந்த எலிஸ் ஸ்ட்ரோம்கிரென் வேறு மாதிரி யோசித்தார். நாம் அளக்கும் பாதை, வியாழனும் சனியும் ஏற்கெனவே இழுத்துக் கலைத்த பாதை. அந்த இழுப்பைக் கழித்துவிட்டு, கிரகங்களுக்கு அருகே வருவதற்கு முன் அது எப்படி இருந்தது என்று பார்த்தால்? கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒவ்வொன்றையும் கையால் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். 1914ல் வெளிவந்த முடிவு: பின்னால் போகப் போக அந்த அதிபரவளையங்கள் நீள்வட்டங்களாக மாறிவிட்டன. எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைகள்தான்!

1950ல் நெதர்லாந்தின் லைடனில் யான் ஊர்ட் இந்தக் கணக்குகளைக் கையில் எடுத்தார். பால்வீதி சுழல்வதைக் காட்டியதால் பெயர் பெற்றவர். வால்நட்சத்திரம் அவருடைய துறையே இல்லை. நம்பகமான 19 பழைய பாதைகளை வரிசைப்படுத்தினார். அவற்றில் சுமார் பாதி ஒரே இடத்தில் குவிந்திருந்தன: அரை நெட்டச்சு 20,000 வானியல் அலகுக்கும் மேல். (பூமி–சூரியன் தூரம்தான் 1 வானியல் அலகு. நெப்டியூனே 30ல்தான் இருக்கு.) அப்படிப்பட்ட பாதையில் ஒரு சுற்றுக்குப் பல லட்சம் வருஷம் ஆகும்.

இங்கேதான் விஷயமே இருக்கு. ஒரு தடவை உள்ளே வந்து போனாலே கிரகங்களின் இழுப்பு அந்தப் பாதையை ரொம்பவே மாற்றிவிடும். அந்தக் குவியலின் அகலத்தைவிடப் பல மடங்கு பெரிய மாற்றம். சேறான தெருவைக் கடந்தவர் வேட்டியில் கறை இருக்கும். வெள்ளை வேட்டியோடு நிற்கிறார் என்றால் இன்னும் தெருவில் இறங்கவில்லை என்று அர்த்தம். குவியலில் இருந்தவை எல்லாம் வெள்ளை வேட்டிக்காரர்கள், அதாவது முதல் தடவையாக உள்ளே வருபவை. அப்போ வெளியே ஒரு பெரிய கிடங்கு இருந்தே ஆகணும். அவை வானத்தின் எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் கிடங்கும் உருண்டையாகத்தான் இருக்கணும். அருகில் கடந்து போகும் நட்சத்திரங்கள் அவ்வப்போது சிலதை உள்ளே தள்ளிவிடுகின்றன என்றார் ஊர்ட். பத்தாயிரம் கோடிக்கும் மேல் வால்நட்சத்திரங்கள் அங்கே இருக்கும் என்றும் கணித்தார்.

எல்லாமே அவர் ஒருவரின் யோசனை இல்லை. எஸ்தோனியாவின் எர்ன்ஸ்ட் ஓப்பிக் 1932லேயே, இப்படி ஒரு மேகம் தொலைவில் நிலைத்திருக்க முடியும் என்று எழுதியிருந்தார். ஊர்ட்டும் எல்லாவற்றிலும் சரியாக இல்லை. வால்நட்சத்திரங்கள் சிறுகோள் பட்டைப் பக்கம் பிறந்து வெளியே வீசப்பட்டவை என்று நினைத்தார். பனிக்கட்டி உருவாகும் குளிர்ந்த வெளிப்பகுதிதான் பிறந்த இடம் என்று அடுத்த வருஷமே கைப்பர் திருத்தினார். மேகத்தின் தூரமும் பிறகு வந்த கணக்குகளில் குறைந்தது. நட்சத்திரங்களோடு பால்வீதியின் ஈர்ப்பும் சேர்ந்தே தள்ளுகிறது என்பதும் பின்னால் தெரிந்ததுதான். ஆனால் 1978ல் மார்ஸ்டனும் கூட்டாளிகளும் பல மடங்கு அதிகப் பாதைகளை வைத்துப் பார்த்தபோதும் அந்தக் குவியல் அப்படியே இருந்தது.

கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. 2019ல் போரிசோவ் கண்டுபிடித்த வால்நட்சத்திரத்தின் மையப்பிறழ்ச்சி 3க்கும் மேல். 1ஐத் தாண்டினால் அதிபரவளையம். பழைய சந்தேகப் பேர்வழிகள் எல்லாம் 1ஐ மயிரிழையில்தான் தாண்டியவை. இதை எந்தக் கிரகத்தின் இழுப்பைக் கழித்தும் நீள்வட்டமாக்க முடியாது. இது நிஜமாகவே வெளியூர். சில நாட்களிலேயே அதைச் சொல்ல முடிந்தது. நம்ம ஊர்க்காரர் யார் என்று நூறு வருஷம் முன்பே ஒருவர் பென்சிலால் கணக்கெடுக்க ஆரம்பித்திருந்தாரே!