கட்டைவிரல் ரயில்

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களுக்காக வெள்ளைக்காரன் கட்டிய வரிசை வீடுகளுக்கு ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ என்று பெயர். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்களும் தமிழ்நாட்டுக் கூலிகளும் ரயிலை நம்பி வந்த பேட்டை அது. அந்த வாசற்படியில்தான் என் சித்தப்பா வேலை முடிந்து வந்து கித்தாரை எடுப்பார்.

வலது கட்டைவிரல் தடித்த கம்பிகளில் ரயில் மாதிரி ஒரே சீராக ஓடும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் பாட்டைப் பறிக்கும். கண்ணை மூடினால் இரண்டு பேர் வாசிப்பதாகத் தோன்றும். நகம் உடையாமலிருக்க சித்தியின் நகப்பூச்சைத் திருட்டுத்தனமாகப் பூசிக்கொள்வார். வீட்டில் சண்டைக்கு அது போதும்.

அவருக்குக் குரு, அமெரிக்க ப்ளூஸ் கித்தார் கலைஞர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 1928இல் பதிவான அவருடைய இசைத்தட்டுகள் விலைபோகவில்லை; மனிதர் வயல்வேலைக்கே திரும்பிவிட்டார். பாட்டில் தன் ஊர் அவலானைச் சொல்லியிருந்தார். அதைத் துப்பாக வைத்து 1963இல் தேடிப்பிடித்தார்கள். புகழ் வந்த மூன்றே ஆண்டில், 1966இல் இறந்துபோனார்.

நம்மிடமும் அப்படியொரு கித்தார் கலைஞர் இருந்தார்: பால் பொன்னுதுரை. மலேசியாவில் பிறந்து, சிங்கப்பூர் மதுக்கூடங்களில் வாசித்தே பேரெடுத்தவர். ஊரறிந்த பாட்டைப் பிரித்துப்போட்டு, ஒற்றைக் கித்தாரில் புதிதாகக் கட்டுவார். முதல்முறை கேட்ட அன்று சித்தப்பா பாட்டைக் கவனிக்கவேயில்லை. அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னுதுரை 2012இல் காலமானார் என்ற செய்தி வந்தபோது, சித்தப்பா கம்பிகளைத் தளர்த்திக் கித்தாரைப் பெட்டிக்குள் வைத்தார்.