திரும்பி வராத விமானங்கள்

இணையத்தில் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. ஒரு போர் விமானம், அதன் இறக்கையிலும் வாலிலும் சிவப்புப் புள்ளிகள், எஞ்சின் பக்கம் சுத்தமாக இருக்கும். புள்ளிகள், அடிபட்டும் திரும்பி வந்த விமானங்களில் கண்ட ஓட்டைகளைக் குறிக்கின்றன. ஓட்டை அதிகமுள்ள இடத்தில்தானே கவசம் போடணும்? இல்லை, ஓட்டையே இல்லாத இடத்தில். அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை. இதைச் சொன்னவர் ஆபிரகாம் வால்ட் என்று படித்திருப்பீர்கள். அவர் இறந்தது நம் நீலகிரியில்.

வால்ட் 1902இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். வியன்னாவில் கணிதம் படித்தார். 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்குத் தப்பினார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட உறவினர்களில் பெரும்பாலோரை நாஜிகள் கொன்றார்கள். திரும்பி வராதவர்களைக் கணக்கில் எடு என்பது அவருக்கு வெறும் கணிதமாக மட்டும் இருந்திருக்குமா?

அந்தப் புள்ளிப் படம் பிற்காலத்தில் யாரோ வரைந்தது. 1943இல் வால்ட் எழுதிய எட்டுக் குறிப்புகளில் இருப்பவை சமன்பாடுகள்தான். அதில் ஓர் எடுத்துக்காட்டில் விமானத்தை நான்காகப் பிரிக்கிறார்: எஞ்சின், உடல்பகுதி, எரிபொருள் அமைப்பு, மற்றவை. கணக்குப் போட்டால் எஞ்சினில் விழும் அடிதான் மிகக் கொடியது. அடுத்தது எரிபொருள் அமைப்பு. டாங்க், குழாய், பம்ப் என்று நாம் கவனிக்காமல் விடும் சங்கதிகள்.

போர் இல்லாத வானத்திலும் இதே கதைதான். கார்புரேட்டர் உள்ள சிறிய விமானத்தில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே கடும் குளிர் உண்டாகும். வெளியே 20 டிகிரி வெயில் இருந்தாலும், காற்றில் ஈரம் மிகுந்தால் உள்ளே பனிக்கட்டி படியும், எஞ்சின் மூச்சுத் திணறும். விமானி வயல் தேடி இறக்கிவிட்டால் நடந்ததைச் சொல்வார். இறக்க முடியாமல் போனால்? ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் பனிக்கட்டி உருகியிருக்கும். சாட்சியும் போச்சு. கட்டாயத் தரையிறக்கம் பற்றி நாம் படிக்கும் கதைகளில் பெரும்பாலானவை பிழைத்தவர்கள் சொன்னவை. அவர்களுக்குக் கீழே ஒரு வயலாவது இருந்தது. குன்னூர்ச் சரிவில் சமதளம் எங்கே? தேயிலை, பள்ளம், மேகம், அவ்வளவுதான்.

1950இல் இந்திய அரசின் அழைப்பில் வால்ட் உரையாற்ற வந்தார், மனைவியும் உடன் வந்தார். டிசம்பர் 13 அன்று பம்பாயிலிருந்து கோவைக்கு வந்த ஏர் இந்தியா டக்கோட்டா கோத்தகிரி அருகே மலையில் மோதியது. அதில் இருந்த 21 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. எரிபொருள் கோளாறு அல்ல, வழி தவறியது. வால்டுக்கு வயது 48.

71 ஆண்டுகள் கழித்து, அதே டிசம்பரில், குன்னூருக்கு அருகே ஜெனரல் பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் மேகத்துக்குள் புகுந்து விழுந்தது. அது நமக்கு நினைவிருக்கிறது. கோத்தகிரி விபத்து பலருக்குத் தெரியாது.

அடுத்த முறை அந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டால், புள்ளி விழாத இடத்தைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அதை வெறுமை என்று நினைக்காதே என்று நமக்குச் சொல்லிக்கொடுத்த மனிதரே, கடைசியில் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.