வீட்டில் செய்யும் நிலநடுக்கக் கருவி: எதைச் சொல்லும், எதைச் சொல்லாது?

2004 டிசம்பர் 26 காலை, அப்போதைய இலங்கை நேரப்படி 7 மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் நடுங்கியது. அதன் முதல் அதிர்வலை ஏறக்குறைய நான்கு நிமிடங்களில் இலங்கையை எட்டி, கண்டிக்கு அருகே பல்லேகலையிலுள்ள நிலையத்தில் பதிவாகியது. கடல் வந்து சேர ஏறக்குறைய இரண்டு மணிநேரம் இருந்தது. அந்த இடைவெளியில் கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளுக்கு எந்த எச்சரிக்கையும் வந்து சேரவில்லை. கிண்ணியாவில் வைத்தியசாலையையே அலை அழித்தது. நாடு முழுவதும் 30,000க்கும் அதிகமானோர் மாண்டனர்.

அந்த இழப்பைக் கண்ட மாவட்டத்தில், வீட்டிலேயே ஓர் எச்சரிக்கைக் கருவி செய்து வைக்கலாமா என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. செய்யலாம். விஞ்ஞானப் பாடச் செயற்திட்டமாகவும் அது நல்லது. ஆனால் அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை அறிந்தே வைக்கவேண்டும்.

தேவையான பொருட்கள்

அர்டுயினோ ஊனோ அல்லது நனோ பலகை ஒன்று, எம்பியு-6050 அசைவு உணரி ஒன்று, 5 வோல்ட் பஸர் ஒன்று, இணைப்பு வயர்கள், மின்சாரம் நின்றாலும் இயங்க ஒரு பவர் பேங்க். சில பவர் பேங்குகள் குறைந்த மின்னோட்டத்தில் தாமாக அணைந்துவிடும். வாங்கியதும் ஓர் இரவு முழுக்க இயக்கிப் பாருங்கள்.

இணைப்பு

உணரியின் விசிசி முனையைப் பலகையின் 5 வோல்ட்டுக்கும், ஜிஎன்டி முனையை ஜிஎன்டிக்கும், எஸ்டிஏவை ஏ4க்கும், எஸ்சிஎல்லை ஏ5க்கும் கொடுக்கவேண்டும். பஸரின் நேர்முனை 8ஆம் இலக்க முனைக்கும், எதிர்முனை ஜிஎன்டிக்கும் போகும்.

நிரல் செய்யவேண்டிய வேலை

உணரி மூன்று திசைகளில் முடுக்கத்தை அளக்கும். அசையாமல் இருக்கும்போதும் புவியீர்ப்பைக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே செக்கனுக்கு 100 தடவை வாசித்து, கடந்த சில செக்கன்களின் சராசரியை ஒவ்வொரு வாசிப்பிலிருந்தும் கழிக்கவேண்டும். எஞ்சுவதே அசைவு. இந்த மலிவான உணரி, தானே புவியீர்ப்பின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு அளவுக்கு இரைச்சல் காட்டும். அதனால் எல்லையை நூறில் இரண்டு அல்லது மூன்று பங்காக வைப்பது பொருத்தம். ஒரு தடவை எல்லையைத் தாண்டியதும் பஸர் அடிக்கக்கூடாது. இரண்டு செக்கன்களுக்குள் பல தடவை தாண்டினால் மட்டுமே அடிக்கவேண்டும். கதவு அறைவது ஒரு தடவையோடு நின்றுவிடும்.

பொருத்தும் இடம்

மேசையிலோ தகரக் கூரையிலோ வைக்காதீர்கள். நிலத்தோடு ஒட்டிய தூணில் அல்லது சுவரின் அடியில் திருகாணியால் இறுக்குங்கள். தண்ணீர் மோட்டார், மின்விசிறி, குளிர்சாதனப்பெட்டி அருகில் வேண்டாம். கப்பல்துறையில் கண்டி வீதியோர வீடுகளில் பாரமேற்றிய லொறிகளே பெரிய தொல்லை தரும். முதல் ஒரு வாரம் பஸரைக் கழற்றிவிட்டு, அளவுகளை மட்டும் பதிவுசெய்து, லொறி எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எல்லையைத் திருத்துங்கள். இரண்டு வீடுகளில் இரண்டு கருவிகள் வைத்து ஒப்பிட்டால் இன்னும் தெளிவு கிடைக்கும். லொறி ஒரு வீட்டை அசைக்கும். நிலநடுக்கம் ஊரையே அசைக்கும்.

பஸரின் ஒலியிலும் கவனம் வேண்டும். ஏறி இறங்கும் சைரன் ஒலி, குண்டுவீச்சுக் காலத்தைக் கடந்துவந்தவர்களை நள்ளிரவில் நடுங்கவைக்கும். விட்டுவிட்டு ஒலிக்கும் குறுகிய ஒலியை வைத்து, பகலில் வீட்டார் எல்லோருக்கும் கேட்கச் செய்து பழக்குங்கள்.

கருவி சொல்லாதது

2004இல் இக்கருவி நம் வீட்டில் இருந்திருந்தால் ஒலித்திருக்குமா? இல்லை. அன்று இலங்கையின் நிலம் ஏறக்குறைய 9 சென்ரிமீற்றர் ஏறி இறங்கியது. ஆனால் மிக மெதுவாக அசைந்ததால் பெரும்பாலானோர் உணரவில்லை. அந்த அசைவின் முடுக்கம் புவியீர்ப்பின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. உணரியின் இரைச்சலுக்குள்ளேயே மறைந்துவிடும். எனவே இக்கருவி அருகில் நிகழும் வலுவான அதிர்வுக்கு மட்டுமே. 1,700 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து வரும் சுனாமிக்கு அல்ல. கருவி மௌனமாக இருக்கிறது என்பதற்காகக் கரையில் நிற்பது உயிராபத்து.

சுனாமி எச்சரிக்கை இன்று வேறு வழியில் வருகிறது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வளிமண்டலவியல் திணைக்களமும் அதை அறிவிக்கின்றன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியபோது எச்சரிக்கை வந்தது. கரையோர மக்கள் வெளியேறினார்கள். தட்டுகள் பக்கவாட்டில் நகர்ந்ததால் பேரலை எழவில்லை. அன்று ஓடியது வீணல்ல.

போர் நமக்குப் பழக்கிய ஒன்றையும் இங்கே மாற்றிக்கொள்ளவேண்டும். சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்குவது அன்று உயிர் காத்தது. நிலம் நடுங்கும்போது குழி இடிந்து மூடும். சுனாமியில் குழி நிரம்பும். நடுக்கத்தின்போது உறுதியான மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொள்ளுங்கள், ஓய்ந்ததும் வெளிக்கு வாருங்கள். கரையில் இருப்பவர்கள் நீண்ட நேரம் நிலம் நடுங்கினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, அறிவிப்புக்குக் காத்திராமல் உட்புறமாக உயரமான இடத்துக்குச் செல்லவேண்டும். முதல் அலை வடிந்தாலும் திரும்பக்கூடாது. அடுத்தது பெரிதாக வரலாம்.

அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117. அதைக் கருவியின் மூடியிலேயே எழுதி ஒட்டிவையுங்கள்.