தள்ளாடுறவன் எல்லாம் குடிகாரன் இல்ல: 'ட்ரங்கன் மாஸ்டர்' சண்டைகளும் நம்ம வடசென்னையும்

'சார்பட்டா பரம்பரை' 2021 ஜூலையில் ஓடிடியில் வந்தது. இத்தனை வருஷம் கழிச்சும் ராயபுரத்துல இருந்து எண்ணூர் வரைக்கும் எங்க பாக்ஸிங் பேச்சு எடுத்தாலும் டான்சிங் ரோஸ் பேரு வந்துடும். ஹீரோ ஆர்யா, வில்லன் வேம்புலி. ஆனா ஜனங்க மனசுல நின்னது நடுவுல வந்துட்டுப் போன ஷபீரோட ரோஸ். கையைத் தொங்கப்போட்டுக்கிட்டு, இடுப்பை நெளிச்சு, விழப்போற மாதிரி சாய்ஞ்சு, எதிராளி குத்த வந்தா அங்க ஆளே இருக்க மாட்டார். நமக்குச் சிரிப்பு வரும். அதே நொடியில் கபிலன் முகத்துல ஒண்ணு விழுந்திருக்கும்.

சிரிக்க வெச்சுக்கிட்டே அடிக்கிற இந்தச் சண்டை வகைக்கு ஒரு பெரிய தாத்தா உண்டு. 1978-ல் ஹாங்காங்கில் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர்'. அந்தப் படத்தைப் பத்தித்தான் இந்த இழை. நான் அத்திப்பட்டு பக்கம் வைத்தியம் பார்க்கிற ஆள் ('சிட்டிசன்' படத்துல காணாமப்போன அத்திப்பட்டி இல்ல. இது ரயில் நிக்கிற, அனல்மின் நிலையம் இருக்கிற நிஜ அத்திப்பட்டு). தள்ளாடி நடக்கிற ஒருத்தரைப் பார்த்தா என் கண்ணு முதல்ல காரணத்தைத் தேடும். அதனால படத்தோட மருத்துவமும் நடுநடுவே வரும், பொறுத்துக்கோங்க.

முதல்ல வரலாறு. படத்தின் நாயகன் வோங் ஃபெய் ஹுங் கற்பனை ஆள் இல்லை. தென் சீனத்தின் ஃபோஷான் ஊர்க்காரர், 1847-ல் பிறந்தவர், 1920-களின் நடுவில் இறந்தவர். தற்காப்புக்கலை ஆசான், கூடவே எலும்பு முறிவு, அடிபட்ட காயம் பார்க்கிற வைத்தியர். 'போ ச்சி லாம்' என்ற பெயரில் மருந்துக்கடையும் வைத்தியசாலையும் நடத்தினார். அடிக்கக் கத்துக்கொடுக்கிறவரே அடிபட்டவனுக்குக் கட்டும் போடுவார். நமக்கு இது புதுசா? குமரி மாவட்டத்து வர்ம ஆசான்கள் இன்னிக்கும் அப்படித்தான்.

1949-லிருந்து க்வான் டாக் ஹிங் என்ற நடிகர் இந்த வோங் ஃபெய் ஹுங்காகவே பல டஜன் படங்களில் நடிச்சார். எல்லாத்திலும் அவர் நிதானமான, நீதி பேசுற பெரியவர். நம்ம ஊர் கணக்குல சொன்னா, பழைய சாமி படத்துச் சிவாஜி. அந்தப் பெரிய மனுஷனை 1978-ல் இயக்குநர் யுவென் வூ பிங் கையில எடுத்து, ஊர் சுத்தி வம்பு இழுக்கிற சோம்பேறிப் பையனா மாத்தினார். நடிச்சது அதுக்கு முன்னால வரிசையா தோல்விப் படங்கள் கொடுத்து, புரூஸ் லீக்கு நகல் என்று ஓரங்கட்டப்பட்ட ஜாக்கி சான். அதே வருஷம் இதே கூட்டணி 'ஸ்நேக் இன் தி ஈகிள்ஸ் ஷேடோ' எடுத்து ஜெயிச்ச சூட்டோடு இதையும் எடுத்தது. குடிகார குரு 'பிச்சைக்கார ஸோ'வாக நடிச்சவர் யுவென் சியூ டியென். இயக்குநரின் சொந்த அப்பா! அடுத்த வருஷமே அவர் காலமாயிட்டார்.

கதை சின்னது. பையனை அப்பா குருகிட்ட அனுப்புவார். குரு பிழிஞ்செடுப்பார். தலைகீழா தொங்கிக்கிட்டு, கீழே இருக்கிற வாளித் தண்ணியைச் சின்னக் கிண்ணத்தால மொண்டு மேலே இருக்கிற வாளியை நிரப்பணும். வால்நட்டைக் கைவிரலால உடைக்கணும். கடைசியில் 'எட்டு குடிகார தேவர்கள்' என்ற சண்டை முறையைக் கத்துக்கொடுப்பார். எட்டில் ஏழு ஆண், ஒண்ணு பெண். பொம்பளை அசைவு எனக்கு எதுக்குன்னு பையன் அந்த எட்டாவதை மட்டும் கத்துக்க மாட்டான். கொரியக்காரர் ஹ்வாங் ஜாங் லீ, கால்தான் ஆயுதம், கிளைமாக்ஸில் ஏழையும் முறியடிச்சுடுவார். வேற வழியில்லாம எட்டாவதை அந்த இடத்துலயே சொந்தமா இட்டுக்கட்டி, இடுப்பை ஆட்டி, வெட்கப்பட்டு, தலைமுடியைச் சரிசெய்ற மாதிரி பாவனை காட்டி அடிச்சு ஜெயிப்பான். டான்சிங் ரோஸைப் பார்த்தப்ப எனக்கு ஞாபகம் வந்தது இந்த எட்டாவது தேவதைதான்.

இனி டாக்டர் கண்ணு. நிஜமாவே குடிச்சவன் ஏன் தள்ளாடுறான்? பின்மண்டையில் இருக்கிற சிறுமூளைதான் நம்ம ஒவ்வொரு அசைவையும் திருத்திக்கிட்டே இருக்கு. ஆல்கஹால் அதைத்தான் சீக்கிரம் மழுங்கடிக்கும். இன்னொண்ணு உள்காது. அங்க இருக்கிற அரைவட்டக் குழாய்களுக்குள்ள ஒரு திரவம், அதுல ஜெல்லி மாதிரி ஒரு குட்டித் தடுப்பு. ரத்தத்துல இருந்து ஆல்கஹால் முதல்ல அந்தத் தடுப்புக்குள்ள போய் அதை இலேசாக்கிடும், திரவத்துக்கு அப்புறம்தான் போகும். இலேசானது மிதக்கும். படுத்தா அறையே சுத்தும்.

திரையில் ஜாக்கி செய்றது இதுக்கு நேர் எதிர். ஒவ்வொரு தடவையும் உடம்பின் எடையைக் காலுக்கு வெளியே தள்ளிட்டு, விழுற நொடியில் திரும்ப உள்ளே இழுக்கிறார். குடிச்சவனால தள்ள முடியும், இழுக்க முடியாது. அந்தக் காலத்து ஹாங்காங் கேமரா தலை முதல் கால் வரைக்கும் முழு உடம்பையும் காட்டும், ஒரே ஷாட்ல ஏழெட்டு அசைவு ஓடும். வெட்டி ஒட்டி ஏமாத்த வழியில்லை. சின்ன வயசுல பீக்கிங் ஓபரா பள்ளியில் பத்து வருஷம் அடி வாங்கிக் கத்த உடம்பு அது. சீனாவில் 'குடிகாரக் குத்து' என்ற கலை நிஜமாவே இருக்கு. ஆனா அதைப் பயில்றவங்க குடிக்கிறதில்ல, குடிகாரன் மாதிரி அசையத்தான் பழகுறாங்க. முழு போதையைக் காட்ட முழுத் தெளிவு வேணும்.

அந்தத் தெளிவுக்கும் விலை இருந்தது. இந்தப் படத்திலேயே ஹ்வாங்கின் உதை புருவ எலும்பில் பட்டு ஜாக்கிக்குக் கண் போகத் தெரிஞ்சது. 1980-களின் நடுவில் யூகோஸ்லாவியாவில் இன்னொரு படத்துக்காக மரத்திலிருந்து விழுந்து மண்டை ஓடு உடைஞ்சு அறுவை சிகிச்சை வரைக்கும் போச்சு. 2008-ல் 'தசாவதாரம்' பாட்டு வெளியீட்டுக்கு நம்ம நேரு ஸ்டேடியத்துக்கு அவர் வந்தப்ப ஆர்ப்பரிச்ச கூட்டத்தில் பாதிப் பேருக்கு இது தெரிஞ்சிருக்காது.

குடிக்காமலே நிஜமா தள்ளாடுற இன்னொரு கூட்டமும் உண்டு. 1928-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஹாரிசன் மார்ட்லேண்ட் என்ற டாக்டர், மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு கட்டுரை எழுதினார். வருஷக்கணக்கா தலையில் குத்து வாங்கின பாக்ஸர்கள் குடிகாரன் மாதிரி நடக்கிறாங்க, பேச்சு குழறுது, கை நடுங்குது, மறதி வருதுன்னு. தலைப்பு 'பஞ்ச் ட்ரங்க்'. குத்துபோதைன்னு வெச்சுக்கலாம். வார்த்தை அவர் கண்டுபிடிச்சதில்ல. ரிங்கைச் சுத்தி உட்கார்ந்த ரசிகர்கள் ஏற்கெனவே கேலியா சொல்லிக்கிட்டு இருந்ததுதான். டாக்டருங்களுக்கு முன்னாடியே ரசிகனுக்குத் தெரிஞ்சிருக்கு!

டான்சிங் பாக்ஸர்களுக்கெல்லாம் தலைவர் முகமது அலி 1980-ல் மெட்ராஸ் வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆர் முதல்வர். வடசென்னைப் பெரியவங்க இன்னிக்கும் அந்த நாளைச் சொல்லும்போது முகம் மலரும். நாலே வருஷத்தில், 1984-ல், அவருக்குப் பார்க்கின்சன் நோய்னு அறிவிச்சாங்க. குத்துதான் காரணமான்னு டாக்டர்களுக்குள்ள இன்னும் ஒத்த கருத்து இல்ல. ஆனா திரும்பத் திரும்பத் தலையில் அடி விழுந்தா மூளைக்கு நல்லதில்லைங்கிறதில் சண்டை கிடையாது.

சரி, திரும்பப் படத்துக்கு. சார்பட்டாவில் ரஞ்சித் செஞ்ச ஒண்ணு 'ட்ரங்கன் மாஸ்டர்'க்கு நேர் பதில் மாதிரி இருக்கும். அங்க குடிச்சா பலம் ஏறும். இங்க கபிலன் சாராயம் காய்ச்சப் போய், குடிச்சு, தொப்பை விழுந்து, மூச்சு வாங்கி, ரிங்கே மறந்துபோய்க் கிடப்பான். பீடி ராயப்பன் வாத்தியார் கடற்கரையில் ஓடவிட்டுத்தான் திரும்ப எடுக்கணும். கதை நடக்கிறது எமர்ஜென்சி காலம். 1971-ல் தளர்த்தின மதுவிலக்கு சில வருஷத்திலேயே திரும்ப வந்திருந்த நேரம். சாராயம் திருட்டுத்தனமா ஓடின, கிடைக்காதவன் வார்னிஷைக் குடிச்ச காலம்.

வார்னிஷ்னு சொன்னதும் அடுத்த படத்துக்குப் போயிடலாம். 1994, 'ட்ரங்கன் மாஸ்டர் 2'. இயக்குநர் லாவ் கார் லியுங். இவரோட அப்பா, வோங் ஃபெய் ஹுங்கின் சீடருக்குச் சீடர். கலை நேரா கைமாறி வந்த குடும்பம். ஆனா சண்டையை எப்படி எடுக்கணும்னு ஜாக்கியோட ஒத்துப்போகாம பாதியில் விலகினார், கிளைமாக்ஸை ஜாக்கியே எடுத்தார். அந்த ஒரு சண்டைக்கு மட்டும் கிட்டத்தட்ட நாலு மாசம். எதிராளி கென் லோ, நிஜ வாழ்க்கையில் ஜாக்கியின் மெய்க்காப்பாளர். எரியுற கரி மேல ஜாக்கி தவழ்ந்து போற ஷாட் நிஜக் கரி. உலகத்தில் எடுக்கப்பட்ட சண்டைகளில் முதல் அஞ்சில் இது வரும்னு நான் சொல்வேன். அடிக்க வராதீங்க.

சண்டை நடக்கிற இடத்தைக் கவனிங்க. இரும்பு உருக்கு ஆலை. உலை, சங்கிலி, கரி, டிரம். நம்ம திருவொற்றியூர், மணலி ஆளுங்க பார்த்தா பழகின இடம் மாதிரியே இருக்கும். அடி வாங்கித் துவண்டுபோன நாயகன் கையில் கிடைக்கிறது ஆலையில் வெச்சிருந்த தொழிற்சாலை ஆல்கஹால். அதை எடுத்துக் குடிக்கிறான். முகம் செக்கச் செவேல்னு ஆகும், பலம் பத்து மடங்கு ஏறும், எதிராளி காலி.

(சின்ன இடைச்செருகல்: அந்தச் சிவப்பு முகம் முழுக்க மேக்கப் கற்பனை இல்லை. கிழக்காசிய மக்களில் சுமார் மூணில் ஒருத்தருக்கு, ஆல்கஹால் உடைஞ்சு வர்ற அசிட்டால்டிஹைடை அழிக்கிற என்சைம் சரியா வேலை செய்யாது. ரெண்டு வாய் குடிச்சாலே முகம் சிவந்துடும்.)

தொழிற்சாலை ஆல்கஹால்னா என்ன? மெத்தனால், இல்லைன்னா குடிக்கக் கூடாதுன்னே மெத்தனால் கலந்த ஸ்பிரிட். பார்க்க, மோந்து பார்க்க, போதை தர எத்தனால் மாதிரியே இருக்கும். பெயின்ட், பிசின், மருந்துத் தயாரிப்பு எல்லாத்துக்கும் வேணும். நாட்டின் தேவையில் பெரும்பகுதி இறக்குமதி. உடம்புக்குள்ள போனதும் கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், அடுத்து ஃபார்மிக் அமிலமாகவும் மாத்தும். கொல்றது அந்த அமிலம். செல்லுக்குள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்தற இயந்திரத்தையே நிறுத்திடும். முதல் அடி கண் நரம்புக்கு.

இதில் ஒரு விஷயம் படத்தில் சரியா அமைஞ்சிருக்கு: நேரம். மெத்தனால் குடிச்ச உடனே கண் போகாது. சாதாரணப் போதைதான் இருக்கும். அமிலம் சேர 12 மணி நேரம், சில சமயம் ஒரு நாள் ஆகும். கூடவே சாதாரண சரக்கும் குடிச்சிருந்தா இன்னும் தள்ளிப்போகும். அதனாலதான் ஒரே இடத்தில் வாங்கிக் குடிச்ச கூட்டம், ராத்திரி நல்லா வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டு, மறுநாள் வயித்துவலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண்ணுக்கு முன்னால வெள்ளைப் பனி மாதிரி மங்கல்னு ஆஸ்பத்திரிக்கு வருது. சில பேர் வர்றதே இல்ல.

2023 மே மாசம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் 20 பேருக்கு மேல போனாங்க. அது காய்ச்சின சாராயம் இல்ல, ஆலைகளில் பயன்படுத்தற மெத்தனால்னு போலீஸே சொல்லிச்சு. அடுத்த வருஷம் ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரம், 60-க்கு மேல. ரெண்டு இடத்திலும் செத்தவங்கள்ல பெரும்பாலும் அன்னாடங்காய்ச்சிகள். நம்ம துறைமுகப் பக்கம் டிரம்மும் டேங்கரும் கண்ணுக்கு முன்னாடி ஓடுற ஊர். சரக்கு கிடைக்காத நாள்ல 'ஸ்பிரிட் இருக்கு, ஒண்ணும் ஆகாது'ன்னு யாராவது சொன்னா, நம்புற அளவுக்குக் களைச்சுப்போன ஆட்கள் இங்க நிறைய.

சிகிச்சை உண்டு. அதுவும் வேடிக்கையானது. ஃபோமெபிசோல்னு மாற்று மருந்து இருக்கு, விலை அதிகம், எல்லா இடத்திலும் கிடைக்காது. அது இல்லாத இடத்தில் பழைய முறை: அளந்து எத்தனால் கொடுக்கிறது. ஆமா, ஆல்கஹாலுக்கு ஆல்கஹால். கல்லீரல் என்சைமுக்கு மெத்தனாலை விட எத்தனால் மேல ஆசை அதிகம். எத்தனாலைக் கவனிச்சுக்கிட்டு இருக்கிற நேரத்தில் மெத்தனால் அமிலமாகாம அப்படியே நிக்கும், டயாலிசிஸில் வெளியே எடுத்துடலாம். இதை வீட்டில் குவார்ட்டர் ஊத்தி செய்ற வேலை இல்ல, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து ஆஸ்பத்திரியில் செய்றது. கண் மங்கலா தெரியுதுன்னு ஒரு வார்த்தை சொன்னா விடியட்டும்னு காத்திருக்காம அரசு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். கூடக் குடிச்சவங்களையும், நல்லா இருந்தாலும், கூட்டிட்டுப் போகணும்.

'ட்ரங்கன் மாஸ்டர் 2' எடுத்தவங்களுக்கு இது தெரியாம இல்ல. ஹாங்காங்கில் வந்த மூலப் படத்தில் சண்டைக்கு அப்புறம் ஒரு குட்டிக் காட்சி. நாயகன் கண்பார்வை போய், புத்தி பேதலிச்சு வந்து நிக்கிறான். அதையும் காமெடியாத்தான் எடுத்திருந்தாங்க. 2000-ல் அமெரிக்காவில் வெளியிட்டப்ப அதை வெட்டிட்டாங்க. படம் வெற்றியோட முடிஞ்சுடும். அந்த வெட்டாத பிரதி எங்கயாவது கிடைச்சா கடைசிவரைக்கும் பார்த்துட்டு, சிரிப்பு வந்துச்சான்னு கீழே எழுதுங்க.