குத்தாபில் அரீஃபின் இடம்

இஸ்லாமியக் கல்வி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மத்ரஸாக்களையும் பெருநூலகங்களையும் பற்றியே விரித்துரைக்கின்றனர். அங்கு பயின்றோரில் பலர் முதன்முதலில் எழுத்தறிந்த இடமோ 'குத்தாப்' எனும் சிறார் பள்ளியாகும். நம் ஊர்களில் வழங்கும் 'மக்தப்' என்ற சொல்லும் 'எழுதுதல்' எனப் பொருள்படும் அதே அரபு வேரிலிருந்து பிறந்ததே.

இப்பள்ளியின் ஒழுங்குமுறையை அறிய நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய நூல்களுள் ஒன்று 'ஆதாபுல் முஅல்லிமீன்' ஆகும். கைரவான் நகரின் மாலிகி அறிஞர் முஹம்மது இப்னு ஸஹ்னூன் (ரஹ்) அவர்கள் (ஹி. 202-256, கி.பி. 817-870) இதனை இயற்றினார்கள். தம் தந்தையார் இமாம் ஸஹ்னூன் (ரஹ்) அவர்களிடம் வினவிப் பெற்ற விடைகள் இதில் மிகுதி.

ஆசிரியர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர். ஆகவே பள்ளி நேரம் பிள்ளைகளுக்கு உரியது என்பதே இந்நூலின் அடிப்படை. தவிர்க்க இயலாத நிலையிலன்றி, ஜனாஸாவில் கலந்துகொள்வதற்கும் நோயாளியை நலம் விசாரிப்பதற்கும்கூட அவர் பாடத்தை விட்டுச் செல்லலாகாது. செல்வர் வீட்டுப் பிள்ளையையும் ஏழைப் பிள்ளையையும் சமமாக நடத்துவது அவர் கடமை. பல ஆசிரியர்கள் ஒரே இடத்தில் கூட்டாகக் கற்பிக்கவும் அனுமதியுண்டு. ஒருவர் நோயுற்றால் மற்றவர் அவரிடத்தை நிரப்பலாம் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம்.

பிள்ளைகள் பெருகும்போது மூத்த மாணவன் ஒருவனை 'அரீஃப்' ஆக, அதாவது சட்டாம்பிள்ளையாக அமர்த்தலாமா? குர்ஆனை ஓதி முடித்து, மேலும் அங்கு கற்கத் தேவையில்லாதவனாயின் அவன் உதவலாம் என்கிறது நூல். அப்பணியால் அவனுக்கும் பயன் விளைய வேண்டும். இல்லையேல் ஆசிரியர் தாமே கற்பிக்க வேண்டும். அல்லது தமக்கு நிகரான தகுதியுடைய ஒருவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்ள வேண்டும். ஆசிரியரின் சுமையைக் குறைப்பதற்காக ஒரு சிறுவனின் கல்வி பலியாகிவிடக் கூடாது என்ற அக்கறை இங்கே வெளிப்படுகிறது.

பின்னர் மம்லூக்குகளின் கெய்ரோவில் அரீஃப் ஊதியம் பெறும் பணியாளரானார். தரைத்தளத்தில் தண்ணீர்ப் பந்தலும் மேல்தளத்தில் குத்தாபும் அமைந்த கட்டடங்கள் அங்கு எழுந்தன. 1479இல் சுல்தான் காயித்பாய் கட்டியது அவற்றுள் ஒன்று. இத்தகைய பள்ளிகளின் வக்ஃப் ஆவணங்கள் அநாதைச் சிறுவர்களின் எண்ணிக்கை, அவர்களுக்கான உடை, ஆசிரியர், அரீஃப் ஆகியோரின் ஊதியம் எனப் பலவற்றை வரையறுத்தன.

மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறை ஐரோப்பாவில் பெயர் பெற்றது ஆண்ட்ரூ பெல் என்பவரால். 1789இல் சென்னையின் இராணுவ அநாதை விடுதிப் பள்ளியை ஏற்ற அவர், அங்கு கண்ட பலனை 1797இல் நூலாக வெளியிட்டார். குறைந்த செலவில் மிகப் பலருக்குக் கற்பிக்கலாம் என்பதே அம்முறை இங்கிலாந்தில் வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணம். கைரவானின் அறிஞர்கள் முன்வைத்த அளவுகோலோ வேறு: கற்பிக்கும் அச்சிறுவனுக்கு இதனால் நன்மை உண்டா?

இன்றைய மழலையர் பள்ளிகளிலும் மக்தப்களிலும் உதவியாளரை அமர்த்தும் பொறுப்பிலிருப்போர் செலவைக் கணக்கிடும் முன் இவ்வினாவையும், உதவியாளரின் தகுதி பற்றிய அந்நிபந்தனையையும் சிந்திப்பது நலம்.